எழுத்தை இழந்தபின் இயந்திரம் எதற்கு?

"புதிய தளத்துக்கு மாறுங்கள், பழைய கணினிகளைத் தூக்கி எறியுங்கள், திறக்க முடியாத கோப்புகளை அழித்துவிடுங்கள். காலத்தோடு நடைபோடாத சமுதாயம் பின்தங்கிப் போகும்." தென்காசியில் எங்கள் மதரசாவின் நிர்வாகக் கூட்டத்தில் அன்பர் ஒருவர் இவ்வாறு முழங்கினார். கூட்டம் தலையசைத்தது. பழையன கழிவதை இலக்கண நூலாரே குற்றமில்லை என்றாரே என்று இலக்கணத்தையும் துணைக்கு அழைத்தார். அவர் கூற்றில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது மெய். இரண்டாவது அரை மெய். மூன்றாவது பெருந்தீங்கு. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டதால், மெய்யின் நிழலில் தீங்கும் நுழைந்துவிடுகிறது. அவற்றைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வியறிவால் இதை எழுதவில்லை, பட்டறிந்து எழுதுகிறேன். 2025 ஆம் ஆண்டு ஐப்பசியில், மழை விடாது பெய்த ஒரு நாளில், என் கணினி புதிய இயங்குதளத்துக்கு மாறியது. மாற்றித் தந்தவர் என்னிடம் ஓதிய மாணவர். இப்போது கணினி பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர். பழைய தளத்தை முழுவதும் துடைத்துவிட்டுப் புதியதை நிறுவி, என் கோப்புகளை மட்டும் திரும்ப வைத்தார். "இனிக் கவலையில்லை ஹஜ்ரத்" என்று சொல்லி விடைபெற்றார்.

முதல் அரைமணி நேரம் மகிழ்ச்சியாகவே கழிந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. திரை தெளிவாக ஒளிர்ந்தது. இயந்திரம் விரைந்து எழுந்தது. இடது மூலையில் கிடந்த தொடக்கப் பொத்தான் நடுவில் வந்து அமர்ந்திருந்தது. கைதான் பழைய இடத்தையே தேடிற்று. அரபு எழுத்து வலமிருந்து இடமாகப் பிசகின்றி ஓடிற்று. தமிழும் அதனருகே ஒழுங்காக நின்றது. ஒரே வரியில் இரு மொழியையும் எழுத முன்பெல்லாம் நான் பட்ட பாட்டை எண்ணி அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

பிறகு என் பழைய கோப்பைத் திறந்தேன். தமிழைக் காணோம். ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் பக்கம் பக்கமாகச் சிதறிக் கிடந்தன. 'தமிழ்' என்னும் சொல் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும் இருந்தன.

அந்தக் கோப்பு எது என்பதைச் சொல்ல வேண்டும். என் பாட்டியார் ஓதிவந்த அரபுத்தமிழ்க் கையெழுத்து ஏடு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதனைத் தமிழெழுத்தில் பெயர்த்து, அருஞ்சொற்களுக்குப் பொருளும் எழுதிப் பதினோராண்டுகள் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். குற்றாலச் சாரல் உடலுக்கு இதம், ஏட்டுக்கு எமன். ஈரமும் கரையானும் சேர்ந்து ஏட்டின் கடைசித் தாள்களை உதிர்த்துவிட்டன. அந்தத் தாள்களில் இருந்தவை இன்று உலகில் வேறெங்கும் இல்லை. என் கணினிக் கோப்பில் மட்டுமே உள்ளன. அந்தக் கோப்பைத்தான் "குப்பை, அழித்துவிடலாம்" என்கிறார் நம் அன்பர்.

இனி மூன்று பகுதிகளையும் ஆராய்வோம்.

முதலாவது, மாறுங்கள் என்பது. இதில் எனக்கு மறுப்பில்லை. 2015 ஜூலை 29 இல் வெளிவந்த விண்டோஸ் 10 தளத்துக்கு 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு பொது ஆதரவு நின்றுவிட்டது. தனிமனிதர்க்கென 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு ஒன்றும் அறிவிக்கப்பட்டது. ஆதரவு நிற்பதென்றால் என்ன? கணினி அன்றே நின்றுவிடாது. ஆனால் அதில் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. 2017 மே மாதத்தில் 'வான்னாகிரை' என்னும் நச்சு நிரல் உலகெங்கும் பரவி, பிரிட்டன் மருத்துவமனைகளையும் முடக்கியது நினைவிருக்கலாம். அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில் வந்திருந்தது. அதை ஏற்றிக்கொள்ளாதவர்களே பெரிதும் அடிபட்டனர். வங்கிக் கணக்கையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் கணினியில் வைத்திருப்பவர், பழகிய தளமே போதும் என்று வீம்பு பேசுவது அறிவுடைமை ஆகாது.

இரண்டாவது, பழைய கணினிகளை எறியுங்கள் என்பது. இதை அரை மெய் என்றேன். விண்டோஸ் 11 எல்லா இயந்திரங்களையும் ஏற்பதில்லை. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும், பெரும்பாலும் 2017 இன் பிற்பகுதிக்குப் பின் வந்த செயலிகளையும் அது கேட்கிறது. எங்கள் மதரசாவில் 2014 இல் வாங்கிய ஆறு கணினிகள் உள்ளன. ஆறும் நன்றாக ஓடுகின்றன. ஒன்றுகூடப் புதிய தளத்துக்குத் தகுதி பெறவில்லை. 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் முற்பட்டவற்றின் நிலையும் இதுவே. ஆனால் விண்டோஸ் ஏற்காத கணினி குப்பை ஆகிவிடுமா?

1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கிய லினக்ஸ், இன்று விலையின்றிக் கிடைக்கிறது. அதன் மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கிறது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பத்தாண்டு பழைய இயந்திரத்திலும் அது ஓடும். பாதுகாப்புத் திருத்தமும் வந்துகொண்டிருக்கும். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்னும் பெயரில் இந்திய மொழிகளுக்கேற்ற லினக்ஸ் ஒன்றை உருவாக்கியது. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு இறங்கினால் கேரளம். அங்கு 2001 இல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தின் வழியே அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிப் பல்லாண்டுகள் ஆகின்றன. மலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படிக்க இயலாதா? நம் தென்காசிக்கருகே மத்தளம்பாறையில் 2011 முதல் மென்பொருள் நிறுவனமே இயங்கிவருகிறது. இந்தக் கலை நமக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது என்று இங்கே யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

சில கணக்கு மென்பொருள்கள் லினக்ஸில் நேரடியாக ஓடா. சில அச்சுப்பொறிகள் சண்டித்தனம் செய்யும். உண்மைதான். கணக்கெழுத ஒரு புதிய கணினி வாங்குவோம். பிள்ளைகள் தட்டச்சுப் பழகவும் அகராதி பார்க்கவும் மற்ற ஆறும் போதும். ஏழும் புதிதாய் வேண்டும் என்போர், அது ஊரார் நன்கொடைப் பணம் என்பதை மறந்து பேசுகின்றனர்.

மூன்றாவது, திறக்காத கோப்பை அழியுங்கள் என்பது. என் வழக்கெல்லாம் இதன்மேல்தான்.

என் கோப்பில் தமிழ் ஏன் மறைந்தது? கணினி எழுத்தை எழுத்தாக வைத்திருப்பதில்லை, எண்ணாக வைத்திருக்கிறது. எந்த எண் எந்த எழுத்து என்னும் உடன்பாடு உலகப் பொதுவாக இருந்தால் எந்தக் கணினியிலும் படிக்கலாம். தமிழுக்கு அப்படியோர் உடன்பாடு நடைமுறைக்கு வருமுன், எழுத்துரு செய்தோர் ஒரு குறுக்குவழி கண்டனர். ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்தனர். அந்த எழுத்துரு இருக்கும்வரை கண்ணுக்குத் தமிழ். அது போனால் வெறும் ஆங்கிலக் குழப்பம். ஒருவர் வைத்த இருக்கை முறை மற்றொருவருக்கு ஒத்துவராது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டி இதை ஒழுங்குசெய்ய முயன்றனர். யூனிகோடு என்னும் உலகக் குறியீட்டிலோ 1991 இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 2000 அதை ஏற்றது. 2010 இல் தமிழக அரசும் அதனைத் தரமாக ஏற்று ஆணையிட்டது.

ஆகவே என் கோப்பைக் கெடுத்தது புதிய தளமன்று. குற்றவாளி நானே. இதே மாணவர் பல்லாண்டுகளுக்கு முன் "யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள் ஹஜ்ரத்" என்றார். "எனக்குப் பழகிய எழுத்துரு இதுதான் தம்பி" என்று நகைத்து அனுப்பினேன். பழமையை விடாத என் பிடிவாதமும், பழையதை அழி என்னும் அன்பரின் அவசரமும் ஒரே பள்ளத்தில்தான் கொண்டுபோய்த் தள்ளும்.

இந்தப் பள்ளத்தில் நம் சமுதாயம் முன்பே ஒருமுறை விழுந்திருக்கிறது. அரபியில் இல்லாத ட, ப, ழ போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்துக்களிலேயே அடையாளமிட்டு, தமிழை அரபு வரிவடிவில் எழுதினர் நம் முன்னோர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் இமாமுல் அரூஸ் (1816–1898) போன்ற பேரறிஞர்கள் அதில் நூல் யாத்தனர். தமிழ் நெடுங்கணக்கு அறியாத பெண்மக்கள் பலரும் அதன் வழியே கற்றோராயினர். இருபதாம் நூற்றாண்டில் தமிழெழுத்துக்கு மாறினோம். மாறியது சரியே, நாட்டோடு கலந்து வாழத் தமிழெழுத்து வேண்டும். ஆனால் மாறிய வேகத்தில் பழைய ஏடுகளைப் பெயர்த்தெழுதிக்கொண்டோமா? இல்லை. இரண்டு தலைமுறைக்குள் பேரனுக்குப் பாட்டியின் ஏடு புரியாத கிறுக்கலாயிற்று. எத்தனை வீடுகளில் அவை பரணிலேயே மக்கின! தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்களின் அரபுத்தமிழ் பற்றிய பெருநூல் ஆங்கிலத்தில் 1993 இல் வந்தபோது, நாம் எவ்வளவு வைத்திருந்தோம், எவ்வளவு இழந்தோம் என்பதைப் பலர் முதன்முறையாக உணர்ந்தனர்.

மாற்றம் என்றாலே இழப்புத்தான் என்று எவரும் சொல்ல வேண்டாம். அரபு எழுத்தின் வரலாறே அதற்கு மறுமொழி. தொடக்ககால முஸ்ஹஃப்களில் எழுத்துக்களை வேறுபடுத்தும் புள்ளிகளும் உயிர்க்குறிகளும் பெரும்பாலும் இல்லை. அரபியல்லாதார் பெருகிப் பிழைபட ஓதத் தொடங்கியபோது, அபுல் அஸ்வத் அத்துஅலீ உயிரொலியைக் காட்டப் புள்ளியிட்டார் என்பது வரலாறு. மெய்யெழுத்துக்களைப் பிரிக்கும் புள்ளிகள் அதனையடுத்து வந்தன. பின்னர் கலீல் இப்னு அஹ்மத் அவ்வுயிர்ப்புள்ளிகளுக்கு மாற்றாக இன்றுள்ள குறிகளை வகுத்தார். எத்தனை பெரிய மாற்றம்! ஆயினும் அடியெழுத்தின் வடிவத்தில் அவர்கள் கைவைக்கவில்லை. புதியதைக் கற்றவர் பழையதையும் படித்தனர். தமிழிலும் 1978 இல் அரசு ணா, றா, லை, னை முதலியவற்றின் வடிவத்தைச் சீர்திருத்தியபோது, பழைய அச்சு நூல்கள் நமக்குப் படிக்க முடியாமற் போகவில்லை. பழைய வாசகரையும் பழைய ஏட்டையும் கூட்டிக்கொண்டு நடப்பதே மேம்பாடு. அவர்களை வழியில் விட்டுவிட்டு ஓடுவது மேம்பாடாகாது.

இலக்கண நூலார் கழியலாம் என்றது வழக்கிழந்ததை. என் பாட்டியின் ஏடு வழக்கிழந்ததென்று தீர்ப்பளிக்க, அதைத் திறந்தே பாராத அன்பருக்கு என்ன உரிமை?

என் கோப்பு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மாணவர், துடைக்குமுன் எடுத்துவைத்த படியிலிருந்து பழைய எழுத்துருவைத் தேடி நிறுவினார், தமிழ் திரும்பிற்று. பின்னர் மாற்றியின் வழியே யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம். அதிலும் தொல்லை உண்டு. பழைய முறையில் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னே பதியும். யூனிகோட்டில் பின்னே பதியும். இடையிடையே இருந்த ஆங்கிலச் சொற்களை மாற்றி பொருளற்ற தமிழாக்கிவிட்டது. பக்கம் பக்கமாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பத்தொன்பது பக்கங்கள் மட்டும் வேறோர் எழுத்துருவில் இருந்தன. அது எங்கும் கிடைக்கவில்லை. அவற்றை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு இன்றும் மீட்டுக்கொண்டிருக்கிறேன். "குப்பை" என்று அன்றே அழித்திருந்தால் இந்த உழைப்பு மிச்சமாகியிருக்கும். கூடவே பாட்டியாரின் கடைசித் தாள்களும் போயிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு வீட்டாரையும் ஒவ்வொரு நிர்வாகத்தாரையும் வேண்டுகிறேன். தளத்தை மாற்றுமுன் எழுத்துருக்களையும் கோப்புகளையும் தனியே இரண்டு படிகள் எடுத்து, இரண்டு இடங்களில் வையுங்கள். வெளிநாட்டிலிருந்து தந்தை தட்டச்சிட்டு அனுப்பிய கடிதம், குடும்ப வழிமுறைப் பட்டியல், பள்ளிவாசல் நிக்காஹ் பதிவுகள், மதரசா ஆண்டு மலர் இவற்றையெல்லாம் இப்போதே திறந்து பாருங்கள். யூனிகோட்டில் இல்லையேல் மாற்றுங்கள். அச்சகத்தில் மலர் அச்சிட்டால், அச்சிட்ட பிரதியோடு யூனிகோட்டுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். பழைய எழுத்துருவிலேயே பக்கம் அமைக்கும் அச்சகங்கள் இன்னும் இருக்கின்றன. கேட்பவர் இருந்தால்தான் அவர்களும் மாறுவர்.

அடுத்த நிர்வாகக் கூட்டம் வருகிறது. ஆறு கணினிகளையும் கழித்துவிடும் தீர்மானம் அதில் வாசிக்கப்படும். நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "அந்த ஆறிலும் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று யாராவது திறந்து பார்த்தீர்களா?" அதற்கு விடை வரும்வரை அத்தீர்மானத்தில் என் கையெழுத்து இராது.