நாற்பதிலேயே கிழவராவதா?

"தோட்டத்து மனிதனுக்கு நாற்பதே கிழப்பருவம்" என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. சொல்கிறவர் வேடிக்கையாகச் சொல்கிறார். கேட்கிறவரும் சிரித்துவிட்டுப் போகிறார். ஆனால் இது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய பேச்சல்ல. ஐம்பதை எட்டாத தோழர் ஒருவர் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூச்சிரைக்க மேட்டு நிரையில் ஏறுகிறார். பல் போய், கண் மங்கி, பெற்ற பிள்ளைக்குத் தாத்தா போலத் தோன்றுகிறார். கேட்டால், "எல்லாம் தலைவிதி" என்கிறார்.

தலைவிதியல்ல தோழர்களே! முதுமை எல்லாருக்கும் வரும். அது எவ்வளவு விரைவில் வருகிறது என்பதில் ஒரு பங்கு நம் அன்றாடப் பழக்கங்களில் இருக்கிறது. இன்னொரு பங்கு, அந்தப் பழக்கங்களை நம்மீது சுமத்திய தோட்ட வாழ்க்கையில் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பேசாதவர் பாதி உண்மையை மறைக்கிறவரே ஆவார்.

மரம் சொல்லும் பாடம்

வயதைப் பற்றி நமக்குப் பாடம் சொல்ல வெளியூரிலிருந்து ஆசிரியர் வர வேண்டியதில்லை. நாம் நாள்தோறும் தொட்டு நிற்கும் பால்மரமே சொல்லும். ஒரே ஆண்டில், ஒரே காட்டில் நட்ட இரண்டு மரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கை தேர்ந்தவர் வெட்டினார். பட்டையை மெல்லிதாகச் சீவினார். உளியை உள்மரத்தில் படவிடவில்லை. நாள் விட்டு நாள் வெட்டி மரத்துக்கு ஓய்வு கொடுத்தார். அந்த மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுக்கும். மற்றதை அவசரக்காரர் வெட்டினார். காயம் பட்ட இடமெல்லாம் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்தது. ஓய்வில்லாமல் வெட்ட வெட்ட, ஒரு நாள் வெட்டிய இடம் காய்ந்து பால் நின்றது. நட்ட ஆண்டு இரண்டுக்கும் ஒன்றே. மரங்களின் வயது மட்டும் ஒன்றாக இல்லை.

மனித உடம்பும் அப்படியே. அடையாளக் கார்டில் உள்ள வயது ஒன்று. இருதயம், இரத்தக் குழாய், நுரையீரல், எலும்பு ஆகியவற்றின் வயது வேறொன்று. முதல் வயதை எவராலும் மாற்ற முடியாது. இரண்டாவது வயது நாம் உண்பதாலும், குடிப்பதாலும், உழைப்பதாலும், உறங்குவதாலும் ஏறவும் செய்யும், தணியவும் செய்யும்.

புகையில் போகும் பத்தாண்டு

முதலில் பீடி, சிகரெட்டை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்போர்டு ஹில் என்னும் இரு அறிஞர்கள் 1951இல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். முப்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் டாக்டர்களின் புகைப் பழக்கத்தைக் குறித்துக்கொண்டு தொடங்கிய அந்த ஆராய்ச்சி ஐம்பது ஆண்டுகள் விடாமல் நடந்தது. 2004இல் வெளிவந்த முடிவு இது: வாழ்நாள் முழுவதும் சிகரெட் பிடித்தவர், பிடிக்காதவரைவிடச் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாக இறக்கிறார். முப்பது வயதில் விட்டவர் ஏறக்குறைய அந்தப் பத்தாண்டையும் மீட்டுக்கொள்கிறார். நாற்பதில் விட்டவர் ஒன்பது ஆண்டும், ஐம்பதில் விட்டவர் ஆறு ஆண்டும், அறுபதில் விட்டவர்கூட மூன்று ஆண்டும் மீட்கிறார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது பயமுறுத்தும் பகுதியை அல்ல, மீட்கும் பகுதியையே. "இத்தனை நாள் குடித்தாயிற்று, இனி விட்டென்ன?" என்று கேட்கும் தோழருக்கு இந்தக் கணக்கே பதில். அவர்கள் டாக்டர்கள். நல்ல வீடும், நல்ல சாப்பாடும், கைக்கெட்டும் வைத்தியமும் உள்ளவர்கள். அவர்களுக்கே பத்தாண்டு நட்டம் என்றால், விடியற்காலைப் பனியிலும் கொசுக்கடியிலும் வெறும் வயிற்றில் பீடி பற்றவைக்கும் நமக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

வெற்றிலைப் பாக்கு ஒரு தீங்கும் செய்யாதென்று நம் பாட்டிமார் நம்பினார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை சேராத வெறும் வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2004இல் அச்சேற்றிவிட்டது. பசியை மறக்கப் பாக்கை அடக்கும் வழக்கம் நம் பெண்களிடம் இன்னமும் இருக்கிறது. அதை அன்போடு எடுத்துச் சொல்வது வீட்டாரின் கடமை.

கள்ளும் சம்சுவும்

குடியைப் பற்றிச் சங்கம் பேசினால், "சங்கம் கூலியைப் பேசட்டும், குடியைப் பேச வேண்டாம்" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு நம் சரித்திரத்தை நினைவூட்டுகிறோம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர்.எச்.நாதன் போன்றோர் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவு ஒழிய வேண்டும் என்றார்கள். அதே மூச்சில் கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகக் கிளம்பினார்கள். நம் முன்னோருக்குக் கூலியும் மானமும் குடியொழிப்பும் ஒரே போராட்டமாக இருந்தன. கொடுத்த கூலியில் ஒரு பங்கு தோட்டத்துக் கள்ளுக்கடை வழியாகவே திரும்பிப் போவதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள்.

அளவு மீறிய குடி ஈரலைக் கெடுக்கிறது. இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. இருதயத் தசையைத் தளர்த்துகிறது. நரம்பையும் நினைவையும் மழுங்கச் செய்கிறது. கை நடுங்கினால் உளி மரத்தைக் காயப்படுத்தும் என்பது நமக்குத் தெரியாததா? மலிவுச் சாராயத்தின் ஆபத்து இன்னும் பெரிது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டார்கள். மாண்டவரில் கூலிக்கு உழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளரும் இருந்தார்கள். மலிவு மது ஏழையைத் தேடித்தான் வருகிறது.

டின் பாலும் வெள்ளைச் சோறும்

குடிக்காத, புகைக்காத நம் தோழர்கள் பலர் இன்று தளர்ந்து போவதற்குக் காரணம் சர்க்கரை. நாட்டின் 2023ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 29.2 விழுக்காட்டினருக்கு இரத்த அழுத்தமும் இருப்பதாகக் கண்டது. இதற்குமுன் 2019இல் நடந்த ஆய்வில் இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம் என்று தெரியவந்தது. சர்க்கரை நோய் கண், சிறுநீரகம், கால், இருதயம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே காலத்தில் அரிக்கும். உடம்பை முன்னதாகவே கிழடாக்கும் நோய் எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நம் சாப்பாட்டைப் பாருங்கள். விடியுமுன் டின் பால் ஊற்றிய இனிப்புத் தேநீர். வெட்டு முடிந்து பசியாறும்போது மீண்டும் இனிப்புத் தேநீரும் ரொட்டியும். பகலில் மலை போலச் சோறு, தொட்டுக்கொள்ளக் கருவாடு. மாலையில் மறுபடியும் இனிப்பு. கீரை எங்கே? பருப்பு எங்கே? லயத்துக்குப் பின்னால் நம் தாய்மார் போட்டிருந்த முருங்கையும் பசளியும் வெண்டையும் எங்கே போயின? தேநீரில் சர்க்கரையைப் பாதியாகக் குறைப்பதற்கும், வாசலில் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றுவதற்கும் எந்த மானேஜரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கிராணிமார் கவனத்துக்கு

மரம் வெட்டும் தோழர்களை மட்டும் சொல்லிவிட்டு, ஆபீசில் உட்கார்ந்திருக்கும் நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. லண்டன் மாநகரப் பஸ் ஊழியர்களை ஜெரி மோரிஸ் என்னும் டாக்டர் ஆராய்ந்து 1953இல் ஒரு முடிவை வெளியிட்டார். நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக வந்தது. வந்தாலும் பிந்திய வயதில் வந்தது. நடந்து கடிதம் கொடுக்கும் தபால்காரர்களையும் மேசையில் உட்காரும் குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோதும் அதே கதைதான். செக்ரோல் புத்தகத்தின்முன் எட்டு மணி நேரம் குனிந்திருக்கும் கிராணி, மாலையில் அரை மணி நேரமாவது கைவீசி நடக்க வேண்டும்.

"அப்படியானால் நாளெல்லாம் நடக்கும் தொழிலாளி இளமையாக அல்லவா இருக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. கோபன்ஹேகன் நகர ஆராய்ச்சியாளர்கள் 2021இல் இதற்கு ஒரு விடை தந்தார்கள். தன் விருப்பப்படி ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி ஆயுளைக் கூட்டுவதோடு சேர்ந்து வருகிறது. ஆனால் வேலையில் பாரம் சுமக்கும் கடும் உழைப்போ அகால மரணத்தோடு சேர்ந்து வருகிறது என்று கண்டார்கள். காரணம் விளங்காததல்ல. விளையாடுகிறவன் களைத்தால் நிற்கலாம். நிரையை முடிக்க வேண்டிய தொழிலாளி நிற்க முடியாது. ஓய்வில்லாத உழைப்பு பயிற்சியல்ல, அது தேய்மானம்.

தேய்மானத்தை ஆற்றுவது தூக்கம். நாலு மணிக்கு எழ வேண்டியவர் பதினொரு மணிவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் உடம்பு எப்போது ஆறும்? நம் பெண்களின் நிலை இதைவிட மோசம். எல்லாருக்கும் முன்னே எழுந்து சமைத்து, ஆணுக்குச் சமமாக மரம் வெட்டி, எல்லாருக்கும் பின்னே படுக்கிறார்கள். வீட்டு வேலையில் பங்கெடுக்காத ஆண்மகன், தன் மனைவியின் ஆயுளைக் கரைக்கிறவன் என்று நாம் வெளிப்படையாகவே சொல்கிறோம்.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை

இவ்வளவு படித்தபின் தோட்ட நிர்வாகத்தார், "பார்த்தீர்களா, தொழிலாளியின் பழக்கம்தான் காரணம் என்று சங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று மகிழ வேண்டாம். பழக்கம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. மலிவான சாப்பாட்டை உண்ணச் செய்வது குறைந்த சம்பளம். மழை பெய்து வெட்டு நின்றால் வருமானம் குறையும் என்ற அச்சம், ஓய்வு நாளிலும் வேறு கூலி வேலையைத் தேட வைக்கிறது. பொழுதுபோக்கு ஏதுமில்லாத லயம் பாட்டிலைத் தேட வைக்கிறது. பாரக்குவாட் என்னும் களைக்கொல்லியை அரசாங்கம் 2002இல் விலக்கியது; 2006இல் மீண்டும் அனுமதித்தது; 2020 தொடக்கத்தில்தான் முற்றாகத் தடை செய்தது. அத்தனை ஆண்டுகள் அந்த மருந்தை முதுகில் சுமந்து அடித்த தோழர், தோழியரின் உடம்பில் ஏறிய முதுமை எந்தப் பழக்கத்தால் வந்தது?

2013 முதல் ஓய்வு வயது அறுபது. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. இரண்டையும் நாம் வரவேற்கிறோம். ஆனால் அறுபது வரை உழைக்கச் சட்டம் இடம் கொடுத்து, ஐம்பதிலேயே உடம்பு கைவிட்டால் அந்தச் சட்டத்தால் யாருக்கு இலாபம்? சேமநிதிப் பணம் கைக்கு வருகிறபோது அதை உண்ண வாய் இருக்க வேண்டாமா? தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நாளில், சொந்தக் காலில் நடந்து வெளியேற வலு இருக்க வேண்டாமா?

ஆகவே நிர்வாகத்திடம் நாம் கேட்பது: வேலைக்காட்டில் நல்ல குடிநீர், ஓய்வுக்கு நிழல், மருந்து அடிப்போருக்கு முறையான பாதுகாப்புக் கவசம், மழை நாளுக்கும் வயிறு நிறையும் வருமானம். இவை தருமமல்ல, உரிமை.

தோழர்களிடம் நாம் கேட்பது: நாற்பது வயதானவர் அனைவரும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தாதாரர்களுக்குப் பெர்க்கேசோ 2013இல் இலவசப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. வருமானம் குறைந்த குடும்பத்தாருக்கு 2019இல் பெக்கா பி40 திட்டம் வந்தது. இவற்றைக் கேட்டுப் பெறுங்கள். பாரம் எழுதத் தெரியாதவருக்குக் கிராணிமார் எழுதிக் கொடுக்க வேண்டும். அது நமக்குச் சிறுமையல்ல. சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு சட்டத்தில் உண்டு; காய்ச்சலோடு பெரட்டுக்குப் போவது வீரமல்ல. ஒவ்வொரு கிளையும் மாதம் ஒரு கூட்டத்திலாவது இதைப் பேசட்டும். புகையை விட நினைக்கும் நால்வர் சேர்ந்து விட்டால், ஒருவர் தளரும்போது மூவர் தாங்குவார்கள். சங்கம் என்பதன் பொருளே அதுதானே!

பட்டையைக் காக்கத் தெரிந்த கை நம்முடைய கை. கம்பெனியின் மரத்தை முப்பது ஆண்டுகள் பால் கொடுக்க வைத்த அந்தக் கவனத்தில் பாதியையாவது நம் உடம்புக்குக் கொடுப்போம். மரத்துக்கு ஓய்வு கொடுத்த நிர்வாகம் மனிதனுக்கும் ஓய்வு கொடுக்கும்வரை ஒன்றுபட்டுக் கேட்போம்.