மணமகனின் ஆவணங்களைக் கேட்பது அவமரியாதை அன்று



நம் ஊர்களில் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மாப்பிள்ளைக்குப் பெண் பேசும்போது அவருடைய குடும்பம், மார்க்கப் பற்று, கல்வி, வருமானம் ஆகியவற்றை விசாரிக்கிறோம். குடியுரிமையை மட்டும் வாய்ச்சொல்லாகவே ஏற்றுக் கொள்கிறோம். அதற்குரிய சான்றைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு என்று பெண்ணின் தந்தை தயங்குகிறார். இத்தயக்கம் தேவையற்றது என்பதும், நிக்காஹ்வுக்கு முன்பே இச்சான்றுகளைப் பார்ப்பது வலீயின் கடமைகளுள் ஒன்று என்பதும் நம் கருத்து.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக் கொள்ளுமாறும், சாட்சிகளை ஏற்படுத்திக் கொள்ளுமாறும் பணிக்கும் சூரா அல்பகராவின் 282-ஆம் வசனமே குர்ஆனின் மிக நீளமான வசனம். மணவாழ்க்கையையோ உறுதியான உடன்படிக்கை என்று சூரா அந்நிஸா வர்ணிக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்கே எழுத்தும் சாட்சியும் வேண்டுமென்றால், ஒரு பெண்ணைக் கடல் கடந்து அனுப்பும் உடன்படிக்கைக்கு எவ்வளவு தெளிவு வேண்டும் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

முதலில், குடியுரிமை என்றால் என்ன என்பதையே நம்மில் பலர் பிரித்தறிவதில்லை. வேலை விசாவில் இருப்பவர், கிரீன் கார்டு எனும் நிரந்தரக் குடியிருப்பு அட்டை பெற்றவர், குடிமகன் ஆகிய மூவரையும் 'அமெரிக்காக்காரர்' என்ற ஒரே சொல்லில் அடக்கி விடுகிறோம். குடிமகனின் மனைவிக்குரிய குடியேற்ற விசாவுக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது. கிரீன் கார்டு உள்ளவரின் மனைவிக்கு வரம்பு உண்டு. ஆகவே காத்திருப்பும் உண்டு. பெண்ணின் இளமையில் எத்தனை ஆண்டுகள் தனிமையில் கழியும் என்பதை இவ்வேறுபாடே முடிவு செய்யக்கூடும்.

குடியுரிமைக்குச் சான்றாக ஏற்கப்படுபவை சிலவே: செல்லுபடியாகும் அமெரிக்கப் பாஸ்போர்ட், அமெரிக்காவில் பிறந்தவராயின் பிறப்புச் சான்றிதழ், பின்னாளில் குடியுரிமை பெற்றவராயின் அதற்குரிய குடியுரிமைச் சான்றிதழ், வெளிநாட்டில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவராயின் தூதரகம் வழங்கிய பிறப்பு அறிக்கை. ஓட்டுநர் உரிமம் ஆளை அடையாளம் காட்டும். குடியுரிமையைக் காட்டாது, ஏனெனில் குடிமகன் அல்லாதவருக்கும் அது கிடைக்கிறது. சமூகப் பாதுகாப்பு எண் அட்டையும் அவ்வாறே. இந்தியா வழங்கும் ஓ.சி.ஐ. அட்டையையும் குடியேற்ற அதிகாரி அமெரிக்கக் குடியுரிமைச் சான்றாக ஏற்பதில்லை.

மனைவி அமெரிக்காவில் இருந்தபடியே விண்ணப்பித்தால், பொதுவாகக் கணவன் மனைவி இருவரும் நேர்காணலுக்கு அழைக்கப்படுவர். குடிமகனான துணை, புகைப்பட அடையாள அட்டை, குடியுரிமைச் சான்று, திருமணச் சான்றிதழ், முந்தைய மணம் இருந்திருப்பின் அது முடிவுற்றதற்கான தீர்ப்பு அல்லது இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் அசல்களைக் கொண்டு செல்ல வேண்டும். விண்ணப்பத்தோடு நகல் அனுப்பியிருந்தாலும் அசலை உடன் வைத்திருத்தல் அவசியம். மனைவி இந்தியாவிலிருந்து விண்ணப்பித்தால் தூதரக நேர்காணலில் அவள் தனியாகவே நிற்பாள். அப்போது கணவர் முன்கூட்டியே அனுப்பிய சான்றுகளே அவளுக்குத் துணை.

இவற்றுள் நம் சமுதாயம் கூர்ந்து கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது பெயர். முஹம்மது என்ற ஒரே பெயரை நாம் ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். தந்தை பெயர் ஓர் ஆவணத்தில் முதலெழுத்தாகவும், மற்றோர் ஆவணத்தில் குடும்பப் பெயராகவும் நிற்கிறது. குடியுரிமை பெறும்போது பெயரை மாற்றிக் கொண்டவரும் உண்டு. ஜமாஅத் தஃப்தரில் பழைய பெயரும் பாஸ்போர்ட்டில் புதிய பெயரும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று நிறுவும் சுமை தம்பதியர் மீதே விழும். நிக்காஹ் பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ளவாறே எழுத்துக்கு எழுத்து பெயரைப் பதிவது இச்சுமையைத் தவிர்க்கும்.

இரண்டாவது திருமணப் பதிவு. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொதுவானது. 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் விதி. ஜமாஅத் தஃப்தர் நமக்கு மார்க்க ஆதாரம்; ஆனால் அதனோடு நின்றுவிடாமல் அரசுப் பதிவையும் செய்து சான்றிதழ் பெற்றுவிட வேண்டும். தமிழில் உள்ள எந்த ஆவணத்துக்கும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், அது சரியானது என்ற மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியும் தேவை.

மூன்றாவது முந்தைய மணம். அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் நீதிமன்றத் தீர்ப்பின்றி மணவிலக்கு சட்டப்படி நிறைவேறுவதில்லை. அங்கே வாழ்ந்தவர் 'தலாக் சொல்லி முடித்துவிட்டேன்' என்று மட்டும் கூறினால், அந்நாட்டுச் சட்டத்தின் பார்வையில் முதல் மணம் இன்னும் நிலைத்திருக்கிறது. அந்நிலையில் நம் பெண்ணின் மணம் அங்கே செல்லாது. அதன் பேரில் விசாவும் கிடைக்காது. ஆகவே தீர்ப்பின் நகலைப் பார்க்காமல் நாள் குறிக்கலாகாது.

நான்காவது, மணமகன் நேரில் வராமல் வக்கீல் மூலமோ காணொளி வழியாகவோ நடைபெறும் நிக்காஹ். இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் நடந்த திருமணத்தை அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், அதன்பின் அவர்கள் இல்லறத்தில் இணைந்தாலன்றி ஏற்பதில்லை. கணவர் பின்னர் இந்தியா வந்து சென்றதற்குப் பாஸ்போர்ட்டில் விழும் முத்திரையும் பயணச்சீட்டும்கூட அப்போது ஆதாரமாகி விடுகின்றன. அவற்றைப் பாதுகாப்பது அவசியம்.

'இப்படியெல்லாம் கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் மனம் வருந்த மாட்டார்களா?' என்று சிலர் வினவலாம். வேற்று மஹல்லாவைச் சேர்ந்த மணமகனிடம் அவருடைய ஜமாஅத்தின் கடிதத்தைக் கேட்கிறோமே, அதற்கு எவரும் வருந்துவதில்லை. அதுபோன்றதே இதுவும். நாளை முன்பின் அறியாத ஓர் அதிகாரியிடம் காட்டவிருக்கும் சான்றை, இன்று தம் மாமனாராகப் போகிறவரிடம் காட்டுவதில் ஒரு நல்ல மனிதருக்கு என்ன தடை இருக்க முடியும்? காட்ட மறுப்பவரைப் பற்றி மீண்டும் ஒருமுறை விசாரிப்பதே அறிவுடைமை.

அதே வேளையில் பெண் வீட்டாருக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பார்த்துத் தெளிவது போதும். பாஸ்போர்ட்டின் படத்தை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுக்கு விடுவது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். பெண்ணே குடிமகளாக இருந்து, மணமகன் இங்கிருந்து செல்பவராயின் இதே உரிமையும் இதே ஒழுங்கும் அவருடைய குடும்பத்தாருக்கும் உண்டு.

மணமான பின்னும் ஆவணங்கள் ஒருவர் கைக்குள் மட்டும் பூட்டப்பட்டிருத்தல் கூடாது. மணமாகி 2 ஆண்டுகள் நிறைவதற்குள் வழங்கப்படும் கிரீன் கார்டு 2 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அது முடிவதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் பொதுவாக இருவரும் சேர்ந்து மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். ஆவணங்களை மறைத்து மனைவியை அச்சுறுத்தும் கணவர் இதனை ஓர் ஆயுதமாக்கிக் கொள்கிறார். அத்தகைய கொடுமைக்கு ஆளான பெண், கணவரின் தயவின்றித் தாமே விண்ணப்பிக்க அந்நாட்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது என்பதையும் நம் பெண்மக்கள் அறிந்திருக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. நேர்காணலில் தம்பதியர் உண்மையே கூறுவதாக உறுதிமொழி எடுக்கின்றனர். குடியேற்றத்துக்காக மட்டும் செய்யப்படும் போலித் திருமணத்துக்கு 5 ஆண்டுகள் வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு. சட்டம் தண்டிக்காவிட்டாலும், பொய்ச்சாட்சியைப் பெரும்பாவங்களுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது நமக்குப் போதும்.

ஜமாஅத் நிர்வாகிகள் வெளிநாட்டு மணமகன்களின் நிக்காஹ்வுக்குத் தேதி வழங்கும் முன் குடியுரிமைச் சான்றையும், முந்தைய மணம் பற்றிய தெளிவையும் கேட்டுப் பார்ப்பதை ஒரு வழக்கமாக்க வேண்டும். ஜமாஅத்தே கேட்டுவிட்டால் பெண்ணின் தந்தை தனியாகத் தயங்கி நிற்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகளின் இல்லறத்தைத் தெளிவின் மீதும் உண்மையின் மீதும் அமைத்திட வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.