வாக்களித்தவர் மக்கள், வாயிலடைத்தது சட்டம்!

2013 செப்ரெம்பர் 21ஆம் நாள் வட மாகாண சபைக்கு நடைபெற்ற முதலாவது தேர்தலை நம் மக்கள் மறந்திரார். யாழ். மாவட்டத்திற் போட்டியிட்ட திருமதி அனந்தி சசிதரன் அவர்கள் அன்று 87,870 விருப்பு வாக்குகளைப் பெற்றார். அவரினும் கூடிய வாக்குப் பெற்றவர், முதலமைச்சராக வந்த திரு. விக்னேஸ்வரன் ஒருவரே.

அம்மையார் யார்? கிளிநொச்சிக் கச்சேரியிற் கடமையாற்றியவர். 2009 மே மாதத்தில் தம் கணவர் எழிலன் இராணுவத்திடம் சரணடைந்ததைக் கண்ணாற் கண்டவர். "அவர் எங்கே?" என்ற கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டு சென்றவர். வாக்களிப்புக்கு முதல் நாள் அதிகாலையில் அவர் வீடு தாக்கப்பட்டது. மக்கள் அஞ்சினார்களா? இல்லை. அவர் கேள்வியைத் தம் கேள்வியாகவே கொண்டு வாக்களித்தனர்.

எனினும், மக்கள் வாக்கினால் அச்சபைக்குத் தெரிவான 36 பேருள் பெண் அவர் ஒருவரே! 2015 பொதுத் தேர்தலில் அவருக்குக் கட்சி இடமளிக்கவில்லை. 2017இல் மாகாண அமைச்சரானார். 2018 ஒக்ரோபரில் சபையின் காலம் முடிந்தது. அதன்பின் 2024 முடியும்வரை அச்சபைக்குத் தேர்தலே நடைபெறவில்லை.

காரணத்தைக் கேளுங்கள். வேட்பாளருள் 30 வீதத்தினர் பெண்களாயிருத்தல் வேண்டும் என்ற நோக்குடனேயே 2017இல் மாகாண சபைத் தேர்தல் திருத்த மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. குழுநிலையில் அதனுள் புதிய தேர்தல் முறையொன்று புகுத்தப்பட்டது. அம்முறைக்கு எல்லை நிர்ணயம் தேவையாயிற்று. 2018 ஓகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கையை 139 உறுப்பினர் எதிர்த்தனர், ஆதரித்தவர் ஒருவருமிலர். பழைய முறையும் இல்லை. புதிய முறையும் இயங்கவில்லை. பெண்ணின் பெயரால் வந்த சட்டமே பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒருங்கே வாயிலை அடைத்துவிட்டது!

"அதிகாரமற்ற சபைக்குத் தேர்தல் எதற்கு?" என்போரும் நம்மிடையே உளர். அதிகாரம் போதாதென்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயின், நிலம் மெலிந்ததென்று வரம்பை வெட்டிவிடும் கமக்காரன் உண்டோ? சபை இல்லாத மாகாணத்தை ஆள்பவர் ஆளுநர். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. நம் வாக்குக்கு அங்கே இடமேது?

பழைய விகிதாசார முறைப்படி தேர்தலை நடத்தச் சிறியதொரு திருத்தச் சட்டம் போதும். அதிற் பெண்களுக்குரிய 30 வீதம் குறையாதிருத்தல் வேண்டும். இதனைக் கோருவது சட்டத்தரணிகளின் கடமை மட்டுமன்று. ஆசிரியரும் கமக்காரரும் சேர்ந்து குரலெழுப்புதல் வேண்டும். 87,870 வாக்குகளாற் பேசிய மக்களை மௌனிகளாக்க எவருக்கும் உரிமையில்லை.