ரவிக்கையில் பை ஏது?

தாத்தாவுக்குக் காது மந்தமானால் பெரிய தொல்லை இல்லை. காது கேட்கும் கருவியைச் சட்டைப் பையில் போட்டு, ஒயரின் நுனியைக் காதில் செருகிக்கொண்டு, பேப்பரும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். பாட்டியின் பாடுதான் திண்டாட்டம். ரவிக்கையில் பை ஏது?

காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு கருவிகள் வந்துவிட்ட காலம் இது. ஆனாலும் பெட்டிக் கருவிக்கு மவுசு அடியோடு போய்விடவில்லை. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பாட்டரியே பெரும்பாலும் அதற்குப் போதும். திருகும் பெரிது, நடுங்கும் விரலுக்கும் அகப்படும்.

ஒரு காலத்தில் வால்வு வைத்த கருவிகள் இருந்தன. அவற்றின் பாட்டரியைத் தனியாக இடுப்பிலோ தொடையிலோ கட்டிக்கொள்ள வேண்டும்! 1953-ல் டிரான்ஸிஸ்டர் கருவிகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததும் அந்தப் பாரம் ஒழிந்தது. பெட்டி சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது. சட்டையே போடாதவர்கள் என்ன செய்வார்கள்?

நம் பாட்டி அதைச் சுருக்குப்பை மாதிரி இடுப்பில் செருகிக்கொள்கிறாள். மைக் புடவை மடிப்புக்குள் புதைந்துபோகிறது. பேத்தியின் பேச்சு கேட்கவில்லை; புடவையின் சரசரப்புதான் கேட்கிறது. பத்து நாளில் கருவி பீரோவுக்குள் போய்விடும். "பாட்டிக்கு அது பிடிக்கவில்லை" என்று நாமும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அப்புறம் பாட்டி கூடத்துக்கு வருவது குறைகிறது, பேச்சும் குறைகிறது.

அரை மணித் தையல் வேலையில் இதைத் தவிர்க்கலாம். மெல்லிய பருத்தித் துணியில், பெட்டி ஆடாமல் உட்காரும்படி ஒரு பை தையுங்கள். பட்டும் நைலானும் வேண்டாம். உரசினால் காதில் இடி இடிக்கும். மைக் இருக்கும் இடத்தில் துணியில் ஓட்டை விட்டு ஓரம் அடியுங்கள். கழுத்தில் ஒற்றைக் கயிறாகத் தொங்கவிட்டால் குனியும்போதெல்லாம் ஊஞ்சலாடும். அகலமான இரண்டு நாடாக்கள் தோள் வழியே போய், முதுகில் குறுக்காகத் தாண்டி, பையின் கீழ் மூலைகளில் வந்து சேரட்டும். ஒரு பக்கம் பிரஸ் பட்டன் வைத்தால் கழற்றுவது சுலபம்.

நடு மார்பே சரியான இடம். எதிரே இருப்பவர் பேச்சு அங்கே நேராக வந்து விழும். பெட்டியைக் காதருகே கொண்டுபோனால் கருவி விசில் அடிக்கும். காதில் செருகும் அச்சு தளர்ந்திருந்தாலும் அதே விசில்தான். அதைக் கருவி கொடுத்த இடத்தில் காட்டிச் சரிசெய்ய வேண்டும். ஒயரைச் சற்றுத் தளர்வாக விடுங்கள். இழுபட்டால் நுனியில் அறுந்துவிடும். வியர்வைக்கும் சாம்பார்த் துளிக்கும் ஈடுகொடுக்க, மாற்றுப் பை ஒன்று அவசியம்.

பையைப் புடவைத் தலைப்புக்கு மேலேதான் அணிய வேண்டும். "எல்லோருக்கும் தெரியுமே!" என்று பாட்டி கூசுவாள். மூக்குக் கண்ணாடியை யாராவது மறைத்துக்கொள்கிறார்களா? புடவையின் நிறத்திலேயே பை தைத்துக் கொடுத்தால் கூச்சம் பாதி குறையும். மீதிப் பாதி, பேத்தி பள்ளிக்கூடத்துக் கதை சொல்லும்போது போய்விடும்.

ஒரு சங்கடம் உண்டு. இனிமேல் பாட்டியைப் பற்றிப் பாட்டிக்கு எதிரிலேயே பேச முடியாது. அது நமக்கும் நல்லதுதானே!