பார்த்ததற்குக் காசா?

கம்ப்யூட்டர் இதழில் கார் எஞ்சினுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இப்போதுதான் வீட்டிற்கு ஒரு லேப்டாப் வாங்கி வந்திருப்பீர்கள். அதில் கடிதம் டைப் செய்யலாம், மெயில் பார்க்கலாம், பிள்ளைகளின் ப்ராஜெக்ட் வேலையை முடிக்கலாம் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். வாசலில் நிற்கும் காருக்கு என்ன கோளாறு என்று அதே லேப்டாப்பில் பார்க்கலாம் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார். காருக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. இரண்டையும் பேச வைத்துவிட்டால் போதும்.

எப்படி என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம். கார் ஆகட்டும், கம்ப்யூட்டர் ஆகட்டும், கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதை நம் ஊரில் யாரும் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. புதிய பார்ட் மாட்டி பில் கொடுத்தால் பணம் தருகிறோம். இரண்டு மணி நேரம் சோதித்து, "இந்த வயர்தான்" என்று சொன்னவரிடம், "பார்த்ததற்குக் காசா?" என்று கேட்கிறோம். அதனால் அவரும் பார்ப்பதை விட்டுவிட்டு மாற்ற ஆரம்பித்துவிடுகிறார். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் எதற்கெடுத்தாலும் "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? ராம் கழன்றிருக்கிறது என்று கண்டுபிடித்து அழுத்தி மாட்டினால் ஐம்பது ரூபாய் கொடுக்கவே யோசிப்போம். ஃபார்மட் என்றால் பேசாமல் ஐந்நூறு கொடுத்துவிடுவோம்.

காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்

கார்ப்பரேட்டர் இருந்த காலத்தில் மெக்கானிக் காதால் கேட்டு, மூக்கால் மோந்து கோளாறைச் சொல்வார். 2000-ஆம் ஆண்டையொட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பின், பெட்ரோலை எவ்வளவு தெளிப்பது, எப்போது ஸ்பார்க் கொடுப்பது என்பதையெல்லாம் இ.சி.எம். என்ற கம்ப்யூட்டர் கவனிக்க ஆரம்பித்தது. சென்சார்களில் ஏதாவது தப்பான தகவல் தந்தால் அதை ஒரு கோடு எண்ணாக இது குறித்து வைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட விளக்கு எரியும். இந்த ஏற்பாட்டிற்கு ஓ.பி.டி. என்று பெயர். இதன் இரண்டாம் தலைமுறை அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமானது. நம் நாட்டில் முதல் நிலை 2010 ஏப்ரலிலும் இரண்டாம் நிலை 2013 ஏப்ரலிலும் கார்களுக்கு வந்தது.

ஸ்டியரிங் வீலுக்குக் கீழே குனிந்து பாருங்கள். 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் தெரியும். இதில் செருகும் சிறிய அடாப்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இ.எல்.எம்.327 என்ற பெயரில் வரும். அந்தச் சிப்பைத் தயாரித்த கனடா நாட்டு நிறுவனம் 2022-இல் மூடப்பட்டுவிட்டது. மலிவாக விற்பவை பெரும்பாலும் காப்பிகள்தாம். ஆனாலும் கோடு படிக்கும் அளவிற்கு அநேகமாக உழைக்கும். ப்ளூடூத் வழியாக லேப்டாப்பிலோ ஆண்ட்ராய்ட் போனிலோ இணைத்திடலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதற்கு ஏற்றது எது என்று கேட்டு வாங்க வேண்டும். 2013-க்கு முந்தைய கார்களில் சிலவற்றில் சாக்கெட் இருக்கும், ஆனால் இந்த அடாப்டருக்குப் புரியும் மொழியில் பேசாது. வாங்குமுன் உங்கள் மாடலுக்குச் சரிப்படுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடு சொல்வது என்ன?

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பி0301 என்று ஒரு கோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். உடனே இணையத்தில் தேடி, "இக்னிஷன் காயில் மாற்றுங்கள்" என்று யாரோ சொன்னதைப் படித்துவிட்டு காயில் வாங்கக் கிளம்பிவிடக் கூடாது. எந்தப் பார்ட்டை வாங்க வேண்டும் என்று அந்தக் கோடு சொல்லவே இல்லை. எந்த இடத்தில் தொல்லை தெரிந்தது என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறது. காயிலாக இருக்கலாம், பிளக்காக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம், வால்வு சரியாக மூடாமலும் இருக்கலாம்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில் உள்ள கார் என்றால் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்தி, முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதிலும், இரண்டாவதைக் கழற்றி முதலாவதிலும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0302 என்று வந்தால், தொல்லை காயிலோடு இடம் மாறிவிட்டது, காயில்தான் குற்றவாளி. மீண்டும் பி0301 என்றே வந்தால் காயில் நல்ல காயில். அடுத்துப் பிளக்கை இதேபோல் மாற்றிப் பாருங்கள். அதுவும் நல்லது என்று தெரிந்தால் இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் சோதிக்க மெக்கானிக்கிடம் செல்லலாம். இரண்டு ராம் ஸ்டிக்குகளில் எது கெட்டது என்று ஸ்லாட் மாற்றி மாட்டிப் பார்க்கிறோம் அல்லவா? அதே வேலைதான்.

இன்னொன்று. கோடு விழுந்த அந்த நொடியில் எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றியது, எவ்வளவு சூடாக இருந்தது, கார் எவ்வளவு வேகத்தில் போனது என்பதையும் இ.சி.எம். சேமித்து வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஆப்பில் இருக்கும். விண்டோஸில் ஈவென்ட் வியூவர் இருப்பது போன்றது இது. "கோடு அழி" என்ற பட்டனைத் தட்டினால் இதுவும் சேர்ந்து அழிந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலும் போய்விடும். ஒர்க் ஷாப்புக்குக் கார் போனவுடன் முதல் காரியமாகக் கோடுகளை அழித்து, "விளக்கு அணைஞ்சிருச்சு பாருங்க" என்று காட்டுபவர்கள் இருக்கிறார்கள். இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். அழிப்பதற்கு முன் திரையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாரணாபுரத்தில் ஒரு கார்

எங்கள் ஊர் சிவகாசியை ஒட்டியது. பட்டாசும் அச்சகமும்தான் பிழைப்பு. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்து தருவது என் தொழில். லேபிள் கட்டுகளை ஏற்றிச் செல்லும் தெரிந்தவர் ஒருவரின் பெட்ரோல் கார், தீபாவளி சீசன் நேரத்தில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். வெயிலில் ஓடி எஞ்சின் சூடானதும் நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும்.

முதல் ஒர்க் ஷாப்பில் பார்த்தார்கள். நின்ற நேரத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் வரவில்லை. ஃப்யூல் பம்பை மாற்றினார்கள். சில ஆயிரம் ரூபாய். இரண்டு நாள் ஓடி மறுபடி நின்றது. அடுத்த இடத்தில், "இ.சி.எம். போயிருச்சு" என்று அதைவிடப் பல மடங்கு தொகை சொன்னார்கள்.

மூன்றாவதாக வந்தவர் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். கையில் பழைய லேப்டாப். அவர் எதையும் கழற்றவில்லை. கார் நிற்கும் வரை எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. நின்றதும் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு லேப்டாப் திரையைப் பார்த்தார். எஞ்சின் சுற்றுவது எல்லோர் காதுக்கும் கேட்கிறது; திரையில் ஆர்.பி.எம். பூஜ்யம். எஞ்சின் சுற்றுகிறது என்ற செய்தியே இ.சி.எம்.முக்குப் போகவில்லை. அதைச் சொல்ல வேண்டியது கிராங்க் சென்சார். எஞ்சின் சுற்றவில்லை என்று நினைத்தால் இ.சி.எம். பம்புக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். பாதுகாப்பிற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் வராதது உண்மைதான். ஆனால் அது விளைவு, காரணம் வேறிடத்தில். முதல் மெக்கானிக் பொய் சொல்லவில்லை, ஒரு படி முன்னாலேயே நின்றுவிட்டார். அவ்வளவுதான்.

சென்சாரும் கெட்டிருக்கவில்லை. அதற்குப் போகும் வயர் ஒரு இரும்புப் பட்டையில் உரசி மேல்தோல் போயிருந்தது. சூட்டில் இளகி இரும்பைத் தொடும்போது எர்த் ஆனது. இரண்டு அங்குல வயரை வெட்டி ஒட்டி, ஸ்லீவ் போட்டு, இடத்தை மாற்றிக் கட்டினார். அறுநூறு ரூபாய் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, ஒரு வயர் ஒட்டுனதுக்கு அறுநூறா?" என்று கார்க்காரர் சண்டைக்கு நின்றார். தேவையில்லாத பம்புக்கு ஆயிரக்கணக்கில் வாய் பேசாமல் கொடுத்தவர் அவர். எங்கள் ஊரில் அச்சடித்த தாளை லென்ஸ் வைத்துப் பார்த்து, நான்கு கலரும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறதா என்று சோதிக்காமல் மிஷினை ஓட்டமாட்டார்கள். அந்தச் சோதனைக்கு ஆகும் நேரமும் கூலியில் அடக்கம் என்று அவருக்குத் தெரியும். கார் என்றதும் மறந்துபோகிறது.

என் யோசனை இதுதான். காரை விடும்போதே, "செக் பண்ண என்ன சார்ஜ்? கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, பிறகு மாத்துறதைப் பேசுவோம்" என்று கேளுங்கள். அந்தப் பணத்தை மனதார கொடுங்கள். எந்தச் சோதனை செய்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்கும் உரிமையும் அப்போதுதான் உங்களுக்கு வரும். கழற்றிய பழைய பார்ட்டையும் கேட்டு வாங்குங்கள்.

இப்போது இன்னொரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது. 2025-இல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது எட்டப்பட்ட பிறகு, கார் இருமினாலும் தும்மினாலும் எத்தனால்தான் காரணம் என்கிறார்கள். பழைய கார்களின் ரப்பர் பாகங்களை எத்தனால் பாதிக்கக்கூடும் என்பது சரி. அதற்காக, எலி கடித்த வயருக்கும் அதுவேதான் காரணம் என்று சோதிக்காமல் சொல்வது வேடிக்கை.

அடாப்டர் இல்லாமலே பார்க்க வேண்டியவை

கார் கிளம்பவில்லை என்றால் முதலில் செல்ஃப் எஞ்சினைச் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். சுற்றவே இல்லை என்றால் பேட்டரி, அதன் டெர்மினல், எர்த் வயர், செல்ஃப் மோட்டார் என்று போக வேண்டும். ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12-க்குப் பக்கத்தில் இருந்தால் அநேகமாகக் காலி. எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், பெட்ரோலா, ஸ்பார்க்கா, சென்சாரா என்று பார்க்க வேண்டும். டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செல்ஃப் வழக்கத்தை விட வேகமாக, லேசாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள், பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் இடித்துவிடும். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி உடனே ஆஃப் செய்திடுங்கள். எஞ்சின் படம் போட்ட விளக்கு விட்டு விட்டு மின்னினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்று பொருள். மெதுவாக ஓரங்கட்டி நிறுத்துவதே நல்லது.

பிளக்கைக் கழற்றி எஞ்சினில் உரச வைத்து ஸ்பார்க் பார்ப்பது பழைய கார்ப்பரேட்டர் காலத்து வழக்கம். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் அது ஆபத்து; இ.சி.எம்.முக்கும் நல்லதல்ல. பட்டாசு ஆலை, குடோன் பக்கத்தில் கார் நின்றுபோனால் பானெட்டைக்கூடத் திறக்க வேண்டாம், தள்ளிக்கொண்டு தூரமாகப் போய்விடுங்கள். எங்கள் பகுதி வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அடாப்டரை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். நாள்கணக்கில் செருகியே வைத்தால் பேட்டரியை உறிஞ்சும். டூ வீலர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளிலும் ஓ.பி.டி. உண்டு. ஆனால் பலவற்றில் 6 பின் சாக்கெட்தான் இருக்கும். கார் அடாப்டர் அதில் நேரடியாகச் சேராது; இடையில் மாட்டும் கேபிளைத் தனியாக வாங்க வேண்டும்.