கடற்பாசியில் ஓர் ஒளிவழி

கோடைக் காலத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்து நம் இல்லங்களில் உறைய வைக்கும் கடற்பாசியை நாம் அறிவோம். செந்நிறக் கடற்பாசி இனங்களிலிருந்து எடுக்கப்படும் இப்பொருளை விஞ்ஞானிகள் 'அகர்' என்பர். தட்டில் வில்லைகளாக நடுங்கும் இப்பண்டத்துக்கு ஒளியைச் சுமக்கும் ஆற்றலும் உண்டு என்றால் வாசகர்கள் வியப்படையலாம்.

ஒளியிழை என்றதும், தொலைபேசிச் செய்திகளைக் கடல் கடந்து கொண்டு செல்லும் கண்ணாடி இழையே நம் நினைவுக்கு வருகிறது. 2020-ல் பிரேசில் நாட்டுக் காம்பினாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஃபுஜிவாரா முதலியோர் அகரைக் கொண்டே ஓர் ஒளியிழையை உருவாக்கிக் காட்டினர். செய்முறை ஏறக்குறையச் சமையலறை முறைதான். சூடான அகர்க் கரைசலை, மெல்லிய தண்டுகள் செருகிய அச்சில் வார்த்து, உறைந்தபின் தண்டுகளை உருவிவிடுகின்றனர். இழையின் நடுப்பகுதியைச் சுற்றித் துளைகள் அமைகின்றன. துளைகளில் காற்று நிறைந்திருப்பதால், அடர்த்தி மிகுந்த நடுப்பகுதியிலேயே ஒளி பெரும்பாலும் தங்கிச் செல்கிறது.

சில சென்டிமீட்டர் தூரத்திலேயே ஒளி பெரிதும் மங்கிவிடுமாதலால், இவ்விழை தொலைபேசிக்கு உதவாது. ஈரம், வெப்பம், அமிலத்தன்மை ஆகியவை மாறினால் அகரும் மாறிவிடும். செய்தி கடத்தும் இழைக்கு இது பெருங்குறை. சூழ்நிலையை அளக்கும் கருவிக்கோ இதுவே நிறை. இழையைச் சூழ்ந்திருப்பது காற்றா, நீரா, வேறு திரவமா என்பதற்கேற்ப, வெளிவரும் ஒளி மாறுகிறது. அம்மாற்றத்தை அளந்தே சூழ்நிலையை அறிகின்றனர்.

விஞ்ஞானக் கூடத்துக்கு அகர் புதிய விருந்தாளியன்று. 1881-ல் ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே, கிருமிகளை வளர்க்கும் ஜெலட்டின் வெப்பத்தில் உருகிப்போவது கண்டு வருந்தினார். தம் சமையலில் பயன்பட்ட அகரை அவருக்கு எடுத்துச் சொன்னவர் அவருடைய மனைவி ஃபேனி அம்மையார். இன்றளவும் கிருமிகளுக்கு அதுவே படுக்கை. இனி அதே அகர், கிருமிகளை வளர்த்து, ஒளியால் கண்காணிக்கவும் செய்யலாம் என்கின்றனர் ஆய்வாளர்.

மண்ணின் நலத்தை அறியப் புதைக்கும் கருவியே மண்ணுக்குக் குப்பையானால் பயன் என்ன? அகர் இழை மக்கி மண்ணோடு கலந்துவிடும். எனினும் அது ஆய்வுக்கூடத்தினின்று வயலுக்கு வருமுன், விரைவில் உலர்ந்து போகாதிருக்க வழி காணவேண்டும். நெடுங்காலம் நிலைப்பதே சிறப்பு என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். வேண்டிய காலமட்டும் உழைத்து, பின்னர் இடையூறின்றி மறைவதும் ஒரு சிறப்பே.