பெரிய ஆண்டிபயாட்டிக்கை மருத்துவர் ஏன் மாற்றுகிறார்?



தீவிர சிகிச்சைப் பிரிவில் வாப்பாவோ உம்மாவோ இருக்கும்போது, "மெரோபெனம் கொடுக்கிறோம்" என்று மருத்துவர் கூறக் கேட்டிருப்பீர்கள். மூன்று நாள் கழித்து அதை நிறுத்திச் சாதாரண ஊசிக்கு மாற்றினால், 'கைவிட்டுவிட்டார்களோ' என்று வீட்டார் பதறுகின்றனர். இப்பதற்றம் தேவையற்றது.

மெரோபெனம், இமிபெனம், எர்டாபெனம் ஆகியவை கார்பபெனம் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; பென்சிலினுக்கு உறவு. மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து கிடைத்து, 1976இல் அறிவிக்கப்பட்ட தியனாமைசினே இவற்றின் மூலம். அதைத் திருத்தி உருவாக்கிய இமிபெனத்தைச் சிறுநீரகம் சிதைத்துவிட்டது. ஆகவே, அச்சிதைவைத் தடுக்கும் சிலாஸ்டாட்டினையும் உடன் சேர்த்தனர். இவ்விணைப்பு 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பாக்டீரியா தன் புறச்சுவரைக் கட்டவொட்டாமல் இம்மருந்துகள் தடுக்கின்றன. மற்ற ஆண்டிபயாட்டிக்குகளைச் சிதைக்கும் நொதிகள் பலவும் இவற்றிடம் தோற்றுவிடுகின்றன.

கிருமித் தொற்று குருதியெங்கும் பரவி உயிர் ஊசலாடும் வேளையில், கிருமி இன்னதென்று அறியும்வரை காத்திருக்க இயலாது. கல்ச்சர் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்துக்கொண்டு, பலவகைக் கிருமிகளையும் தாக்கும் மருந்தை உடனே தொடங்குவர். பரிசோதனை முடிவு வர இரண்டு மூன்று நாட்களாகும். எளிய மருந்துக்கே அக்கிருமி கட்டுப்படும் எனத் தெரிந்தால், அதற்கு மாறுவதே சரியான மருத்துவம். "பெரிய மருந்தையே போடுங்கள்" என்று வற்புறுத்துவது நோயாளிக்கு நன்மை செய்யாது. "கல்ச்சர் முடிவு வந்ததா? அதில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை.

கார்பபெனத்தையே சிதைக்கும் என்.டி.எம்-1 என்ற நொதி 2009இல் விவரிக்கப்பட்டது. அதற்குப் புதுடில்லியின் பெயரைச் சூட்டியதற்காக நம் நாட்டில் எழுந்த சினம் பெரிது. நொதியைப் பற்றிய கவலை அந்த அளவுக்கு எழவில்லை என்பதே என் எண்ணம். இத்தகைய கிருமி தொற்றினால் எஞ்சும் மருந்துகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றான கோலிஸ்டின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. தேவையின்றிக் கார்பபெனம் செலுத்தப்படும் ஒவ்வொரு நாளும் இத்தகைய கிருமிகள் பெருக வழி செய்கிறது.

பென்சிலின் ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வலிப்பு நோய்க்கு வால்புரோயேட் உட்கொள்பவராயின் கட்டாயம் சொல்ல வேண்டும். கார்பபெனம் செலுத்திய ஓரிரு நாட்களிலேயே இரத்தத்தில் வால்புரோயேட்டின் அளவு வெகுவாகக் குறைந்து, அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் தலைதூக்கக்கூடும். வால்புரோயேட்டைக் கூட்டிக் கொடுப்பதும் பெரும்பாலும் பயன் தருவதில்லை. வேறு ஆண்டிபயாட்டிக்கோ, வேறு வலிப்பு மருந்தோ தேவைப்படலாம். ஆதலால் வழக்கமாக உண்ணும் மாத்திரை அட்டைகளை மருத்துவமனைக்கு உடன் எடுத்துச் செல்லுங்கள்.